கேட் போட்டால் ஏழு நிமிடம்

வேன்காரருக்கு இரண்டு சத்தங்கள் மட்டும்தான் காதில் விழும். ஒன்று, பிள்ளை அழும் சத்தம். இன்னொன்று, சத்தமே இல்லாத சத்தம். பதினான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற பள்ளி வேனில் திடீரென்று அமைதி வந்தால், பின்னால் யாரோ யாருடைய சடையையோ கத்தரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். மற்றபடி அவர்கள் கத்துவது, பாடுவது, சண்டை போடுவது எல்லாம் அவருக்கு எஞ்சினில் கூடுதலாக ஒரு சிலிண்டர் ஓடுவது போலத்தான். ஒன்பது வருடமாக அப்படியே பழகிவிட்டது.

அந்தக் காது இன்னும் கொஞ்சம் கூர்மையாக இருந்திருந்தால் இந்தக் கதையில் பாதி நடந்தே இருக்காது.

அவருடைய ஒரே மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அதே பள்ளி, அதே வேன். காலை ஆறு நாற்பதுக்கு வண்டி வீட்டைவிட்டுக் கிளம்பும்போது முதல் ஆளாக ஏறிப் பின் சீட்டில் உட்காருவாள். ஊரெல்லாம் சுற்றிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு எட்டு பத்துக்குப் பள்ளி. மாலை நாலரைக்குப் புறப்பட்டு, எல்லாரையும் இறக்கிவிட்டு, கடைசி ஆளாக ஆறு மணிக்கு வீட்டில் இறங்குவாள். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி.

அவளுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் எடுத்த முடிவு. தெருநாயின் பாதத்தில் ஏறிய கண்ணாடிச் சில்லைப் பிடுங்கிவிட்டு, வலித்ததற்காக அதனிடமே மன்னிப்புக் கேட்கிற பிள்ளை. அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. நூற்றிருபது கேள்வி, கேள்விக்கு ஒரு மதிப்பெண். போன வருடம் கடைசி இடத்தைப் பிடித்தவர் வாங்கியது நூற்றுநான்கு. பதினாறு தப்பு வரை பொறுத்துக்கொள்வார்கள், பதினேழாவதற்குக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று இதற்கு அர்த்தம். பதினாறு என்கிற அந்த எண் வீட்டில் மூன்று பேருக்கும் மனப்பாடம்.

படிக்கத்தான் நேரம் இல்லை. பள்ளிக்கூடம் அவளைச் சக்கையாகப் பிழிந்தது. திங்கள் ஒரு தேர்வு, வியாழன் ஒரு தேர்வு. நடுவில் மூன்று பாடத்துக்கும் ரெக்கார்டு நோட்டு. தவளைப் படத்துக்கு நிழல் சரியாக விழவில்லை என்று திரும்பி வரும். சனிக்கிழமை முழுக்கச் சிறப்பு வகுப்பு. போதாக்குறைக்கு வகுப்புத் தலைவி என்று ஒரு பட்டம் வேறு. வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஓட வேண்டும். ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தால் மறுநாள் வேலை ஒரு மூட்டை. நுழைவுத் தேர்வுப் புத்தகம் அலமாரியில் புதுப்பெண் போல அட்டை கசங்காமல் இருந்தது.

ஞாயிறு காலை மட்டும் ஒரு மாதிரித் தேர்வு எழுதுவாள். அம்மா வேலை பார்ப்பது ஜெராக்ஸ் கடையில். நகல் கோணலாக விழுந்து வீணான மாதிரித் தேர்வுத் தாள்களைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வருவாள். மகள் கடிகாரத்தை எதிரே வைத்து எழுதித் திருத்தி, வாங்கிய மதிப்பெண்ணை அடுப்படிக் காலண்டரில் அந்தந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் குறித்து வைப்பாள். எழுபத்தொன்று. எழுபத்தாறு. எண்பத்தொன்று.

புத்தகத்தையே தொடாமல் எண் எப்படி ஏறுகிறது என்று வேன்காரர் யோசித்திருக்க வேண்டும். அவர் யோசித்தது வேறு. 'நேரமே இல்லாமல் இவ்வளவு வாங்குகிறாளே, நேரம் கிடைத்தால் எங்கே போய் நிற்பாள்!'

ஒரு மாலை, வண்டியில் வைத்திருக்கும் டிரிப் நோட்டை வீட்டுக்குள் எடுத்து வந்தார். எந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு வந்தோம், எவ்வளவு டீசல் போட்டோம் என்று ஒரு நாள் விடாமல் எழுதுகிற மனிதர். அதைப் பார்த்துக் கூட்டிக் கழித்து மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழியைக் கண்டுபிடித்தார்.

அதே பள்ளிக்கு வேன் ஓட்டும் இன்னொருவர் உண்டு. தெருமுனையில் ஹாரனை அழுத்தினால் பள்ளி வாசல் வரை கையை எடுக்க மாட்டார். ஊரில் அவருக்கு ஹாரன் என்றே பெயர். அவருடைய வண்டி ஏழு நாற்பதுக்கு இவர்கள் தெருவைத் தாண்டி, எட்டு ஐந்துக்குப் பள்ளியில் நிற்கும். மாலையில் ஐந்து மணிக்கெல்லாம் திரும்பிவிடும்.

"அண்ணே, என் பொண்ணு உங்க வண்டியில வரட்டும்" என்றார் வேன்காரர்.

"ஏன், உன் வண்டிக்கு என்ன கேடு? உன் சமையல உன் பொண்ணே சாப்பிட மாட்டேங்குறாளா?"

"படிக்க நேரம் வேணும்ணே."

ஹாரன் மோவாயைச் சொறிந்தார். "சரி. மாவு மில் சந்துல எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. அந்தச் சந்துக்குள்ள போய்ட்டு வந்தா வண்டியில பெயிண்ட் மிஞ்ச மாட்டேங்குது. அதுங்க ரெண்டையும் நீ எடுத்துக்க, உன் மகள நான் எடுத்துக்குறேன்."

பிள்ளைக்குப் பிள்ளை மாற்றிப் பேரம் முடிந்தது. வேன்காரர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே அறிவித்துவிட்டார்.

"பாப்பா, காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு ரெண்டு மணி! இன்னும் ஒம்பது வாரம் இருக்கு. கூட்டிப் பாரு. இனிமே அந்த இரைச்சல்ல கிடந்து சாக வேணாம். கதவச் சாத்திட்டு உக்காந்து நிம்மதியாப் படி!"

அவள் முகத்தில் ஏதோ வந்து போனது. மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

"சரிப்பா" என்றாள்.

அம்மா வாயைத் திறந்தாள். மகள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். அம்மா வாயை மூடிக்கொண்டு பாத்திரத்தைக் கழுவப் போனாள்.

முதல் நாளே வண்டியில் ஏதோ சரியில்லை. தண்ணீர்த் தொட்டி முக்கில் ஏறும் மூன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு வக்கீல் என்று பெயர். சிவப்பு விளக்கைக்கூட எதற்கு என்று கேட்டு வாதாடுவாள். அவள் படியில் ஒரு காலை வைத்தபடியே நின்றாள்.

"அக்கா எங்க?"

"அக்கா வேற வண்டியில வருவா. ஏறும்மா, நேரமாச்சு."

"யாரக் கேட்டு மாத்தினீங்க?"

"உன்னக் கேக்காம மாத்தினது தப்புதான். ஏறு தாயே."

கையில் வைத்திருந்த ஏதோ ஒரு அட்டையைப் பைக்குள் செருகிக்கொண்டு முறைத்தபடி ஏறினாள். அடுத்து மாடிவீட்டு இரட்டையர், அவர்களும் "அக்கா எங்க மாமா?" மருந்துக்கடை வாசலில் ஏறும் ஒன்றாம் வகுப்புப் பொடிசு மட்டும் கேட்கவில்லை. காலியாக இருந்த பின் சீட்டைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது, அவ்வளவுதான்.

அதுவரை ஊரிலேயே அடக்கமான வேன் தன்னுடையது என்று அவருக்கு ஒரு பெருமை உண்டு. தன் மிரட்டலுக்குத்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று நம்பியிருந்தார். இப்போது மூன்றாம் நாளே தண்ணீர் பாட்டில் ஒன்று பறந்து வந்து கண்ணாடியில் மோதியது. ஐந்தாம் நாள் இரட்டையரில் முன்னவன் பின்னவனைக் கடித்தான். அதற்கு முன்பெல்லாம் பின்னாலிருந்து அவ்வப்போது கோழி கூவுகிற சத்தம் கேட்கும். மகள்தான் கூவுவாள், பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். அந்தச் சத்தமும் நின்றுபோயிருந்தது. யோசித்துப் பார்த்தால், அவள் வண்டி மாறுவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே கூவல் குறைந்துகொண்டு வந்ததுபோலத்தான் இருந்தது. அந்த விளையாட்டு அலுத்துவிட்டது போல என்று அப்போது நினைத்திருந்தார்.

வீட்டில் நிலைமை இதைவிட மோசம். கதவைச் சாத்திப் படிக்கக் கிடைத்த அந்த ஒரு மணி நேரம், கதவுக்கு வெளியே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தண்ணீர் வந்தால் பிடிக்க ஆள் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு விண்ணப்பம் நிரப்ப ஆள் இருக்கிறது. "வீட்லதானே இருக்க, இந்த சார்ட்ட மட்டும் வரைஞ்சு எடுத்துட்டு வந்துடு" என்று ஆசிரியையே சொல்லி அனுப்பினார். முடிக்காத ரெக்கார்டு நோட்டு முதலில் மேசைக்கு வந்தது. நுழைவுத் தேர்வுப் புத்தகம் அதற்கு அடியில் படுத்துக்கொண்டது. சில காலைகளில் அவள் அந்தப் புத்தகத்தின் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனாள்.

காலண்டரில் எழுபத்துநான்கு வந்தது. பிறகு எழுபது. மூன்றாவது ஞாயிறு அறுபத்தாறு.

வேன்காரர் அடுப்படியில் நின்று அந்த எண்ணையே பார்த்தார். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். மகள் அவர் பின்னால் வந்து நின்று, "அடுத்த வாரம் ஏத்திடுவேன்பா" என்றாள். இன்னும் ஆறே வாரம்.

மறுநாள் திங்கள். ரயில்வே கேட் அவருக்கு ஒன்பது வருட எதிரி. கால் நிமிடம் முந்தினால் தப்பிக்கலாம். பிந்தினால் ஏழு நிமிடம் தண்டம். அன்றைக்கு நாலு வண்டிக்கு முன்னால் கேட் போட்டுவிட்டார்கள். வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே எஞ்சினை அணைத்தார்.

எஞ்சின் நின்றதும் பின்னால் நடப்பது கேட்டது.

"மீனுக்கு இதயத்துல எத்தன அறை?" இது வக்கீல்.

"ரெண்டு!" இரட்டையர் இருவரும்.

"தவளைக்கு?"

"மூணு!"

"மாட்டுக்கு?"

"நாலு!"

"ரத்தத்துல ஆக்சிஜனத் தூக்கிட்டுப் போறது யாரு?"

மருந்துக்கடைப் பொடிசு சீட்டின் மேல் ஏறி நின்றது. மூச்சை இழுத்தது. "ஹீ... மோ... குளோபின்!" என்று, ஊருக்கே தெரியட்டும் என்பது போலக் கத்திவிட்டு உட்கார்ந்தது.

வேன்காரர் மெல்லத் திரும்பினார். இன்னும் பால் பல் விழாத வாய் அது. தன் செருப்பை எந்தக் காலில் மாட்டுவது என்று தினமும் தடுமாறுகிற பிள்ளை.

"ஏய்... இதெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாரும் சொல்லிக்குடுக்கல" என்றாள் வக்கீல். "நாங்க கேப்போம், அக்கா சொல்லும். நாங்க சரியான்னு பாப்போம். பாத்துப் பாத்து வந்துடுச்சு."

"எப்போ?"

"தினமும். உங்க வண்டியிலதான். நீங்கதான் முன்னாடி உக்காந்திருந்தீங்க."

பிறகு வக்கீல் வழக்கை விளக்கினாள். மாலையில் ஒவ்வொரு பிள்ளையும் இறங்கும்போது அக்கா ஒரு அட்டை தருவாள். ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் பதில். காலையில் ஏறியதும் அந்தப் பிள்ளை கேள்வியைக் கேட்க வேண்டும். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் அக்கா பதில் சொல்ல வேண்டும். சரியென்றால் அட்டையில் டிக். தப்பென்றால் பெருக்கல் குறி. அட்டை மறுபடி அதே பிள்ளையிடம் போகும். அக்கா ஒரு தரம் கோழி மாதிரி கூவ வேண்டும். சாயங்காலத்துக்கு வேறு கட்டு.

"விட்டுக்குடுக்கவே மாட்டோம் மாமா" என்றான் முன்னவன்.

"பாதி தப்புன்னாலும் கூவணும்" என்றான் பின்னவன்.

"பொடிசு எழுத்துக் கூட்டி வாசிக்கிறதுக்குள்ள பாலமே வந்துடும். அதனால அதுக்கு எப்பவும் கஷ்டமான கேள்விதான். அக்காவுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்ல" என்று வக்கீல் சேர்த்துக்கொண்டாள்.

பின் சீட்டுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று அவர் ஒரு நாளும் திறந்ததில்லை. இப்போது வக்கீல் இழுத்து நீட்டினாள். உள்ளே அட்டைகள். ஜெராக்ஸ் கடையில் வீணான தடித்த தாளை ஒரே அளவாக வெட்டி, மூலை மடங்காமல் ரப்பர் போட்டுக் கட்டுக் கட்டாக. எண்ணி முடியாது; ஐந்நூறு, அறுநூறு இருக்கும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் கோணல்மாணலான பிஞ்சுக் கைகளின் டிக். மூடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மகளின் கையெழுத்து.

வீடு – தொட்டி முக்கு: 6 நிமிடம். மேடுபள்ளம், எழுத வராது. நேற்றுத் தப்பானவற்றை மனதுக்குள் சொல்லிப் பார்.

பெட்ரோல் பங்க்: செவ்வாய், வெள்ளி அப்பா டீசல் போடுவார். 9 நிமிடம். வண்டி ஆடாது. படம் வரையலாம்.

மரக்கடை வளைவு: 2 நிமிடம். அப்பா யாரையாவது திட்டுவார். சின்னக் கேள்வி மட்டும்.

ரயில்வே கேட்: போட்டால் 7, போடாவிட்டால் 0. இயற்பியல் கணக்கு. போட வேண்டும், போட வேண்டும்!

பாலம்: 3 நிமிடம். இதில் எதுவும் வைக்காதே. ஆற்றைப் பார்.

வேன்காரர் அதை மறுபடி வாசித்தார். அவருடைய கண் எதிரே அவர் ஓட்டிய சாலை முழுவதும் வேறு ஏதோ ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது. ஒன்பது வருடம் அந்த வழியில் ஓட்டியவர். அதில் அவர் கண்டது குழி, வேகத்தடை, சிக்னல், கோபம். அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கழிவு என்றே கணக்கில் எழுதியிருந்தார். அவர் தூக்கி எறிந்த ஒவ்வொரு நிமிடத்தையும் பின் சீட்டில் ஒரு பெண் குனிந்து பொறுக்கித் துடைத்து, எதற்கு ஆகும் என்று பார்த்து அடுக்கி வைத்திருக்கிறாள். கேட் போடக் கூடாது என்று முன்னால் அவர் வேண்டிக்கொண்டு பறந்த அதே நொடியில், போட வேண்டும் என்று பின்னால் அவள் வேண்டியிருக்கிறாள். தான் டீசல் போடும் கிழமை, வளைவில் தான் திட்டும் திட்டு, எல்லாம் அவளுக்குப் பாடவேளை. அவர் வேன்தான் ஓட்டியிருக்கிறார். அவள் அதற்குள் ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்தியிருக்கிறாள்.

ஆற்றைப் பார் என்கிற வரியில் அவர் விரலை வைத்தார். அத்தனை நெருக்கடியிலும் தனக்கென்று மூன்று நிமிடத்தைத் தொடாமல் ஒதுக்கி வைக்க இந்தப் பிள்ளைக்கு யார் சொன்னது?

கேட் திறந்துவிட்டது. பின்னால் வண்டிகள் கத்தின. "மாமா, போங்க!" என்றது பொடிசு.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்கூடப் பரவாயில்லை. நான் வெண்ணெயைப் பிடுங்கி ஹாரனிடம் கொடுத்துவிட்டு வந்தவன் என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓட்டினார். பாலத்தில் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தவர், அன்றைக்கு முதல் தடவையாக ஆற்றைப் பார்த்தார்.

மாலையில் மனைவியிடம்தான் முதலில் பாய்ந்தார். "அட்டை வெட்டிக் குடுத்தது நீதானே? ஒரு வார்த்தை சொன்னியா?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். உங்க வண்டிதானேங்க. மூணு அடி பின்னாடி நடக்குது."

"அன்னைக்கு நான் வண்டிய மாத்தறேன்னு குதிச்சப்போ?"

"சொல்லத்தான் வந்தேன். அவ கண்ணாலயே நிறுத்திட்டா."

மகள் கதவோரம் நின்றிருந்தாள். கையில் தவளைப் படம், நிழலோடு.

"ஏம்மா வேணாம்னு சொல்லல?" என்று கேட்டார். கோபப்படத்தான் நினைத்தார், குரல் கெஞ்சியது.

"மூணு நாளா நோட்ட வெச்சுக் கணக்குப் போட்டீங்க. ஹாரன் பெரியப்பாகிட்ட எல்லாம் போய்ப் பேசிட்டு வந்தீங்க. செருப்பக்கூடக் கழட்டாம சொன்னீங்க. எப்படிப்பா வேணாம்னு சொல்றது? அதுவும் இல்லாம, சின்னப் பிள்ளைங்கள வேலை வாங்குறேன்னு நீங்க திட்டுவீங்களோன்னு பயம்."

"வீட்ல படிக்க வரலையா?"

"வீட்ல இருக்குற நேரம் எல்லாரோட நேரம்பா. வண்டியில இருக்குறப்போதான் என்னை யாரும் கூப்பிட முடியாது. அப்புறம், அந்த வக்கீல் முன்னாடி தப்பா சொல்லிட்டுத் தப்பிக்கவே முடியாது."

வேன்காரர் பிஸ்கட் டப்பாவை அவளிடம் நீட்டினார். இரண்டு கையாலும் நீட்டினார் என்பதை அம்மா கவனித்தாள். பரிசு கொடுக்கிறவர்கள் அப்படித்தான் நீட்டுவார்கள்.

ஹாரனிடம் போய்ச் சொன்னபோது அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "என்னய்யா, பிள்ளைய மாத்தி மாத்தி விளையாடுறியா? சரி, உன் மகளக் கூட்டிட்டுப் போ. ஆனா சந்துப் பிள்ளைங்க ரெண்டையும் நான் திருப்பி எடுத்துக்க மாட்டேன். என் பெயிண்ட் இப்பதான் பளபளன்னு இருக்கு."

அப்படியே பதினான்கு பிள்ளைகள் பதினாறானார்கள். மகளுக்கு ஒரு நாளைக்கு நாலு கேள்வி கூடுதல்.

மறுநாள் காலை தொட்டி முக்கில் வக்கீல் பின் சீட்டைப் பார்த்தாள். பைக்குள் கை விட்டு, மூன்று வாரமாக மடங்காமல் வைத்திருந்த அட்டையை எடுத்தாள். "கோழி முட்டை பொரிக்க எத்தன நாள்?"

"இருபத்தொண்ணு."

"சரி" என்றாள் வக்கீல், ஏதோ தீர்ப்பு எழுதுகிறவளைப் போல. பொடிசு ஏறியபோது வண்டியே குலுங்கும்படி குதித்தது.

அந்த ஆறு வாரமும் வேன்காரர் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். ஏழு இருபத்திரண்டுக்கு ரயில் வரும். அதற்குக் கேட்டை எப்போது போடுவார்கள் என்று டிரிப் நோட்டைப் பார்த்தாலே தெரியும். தினமும் கேட் போட்டவுடன் போய் நிற்கிற மாதிரி வண்டியை உருட்டினார். ஒரு நாள் பின்னால் வந்து நின்ற ஹாரன் இறங்கி வந்து ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஊர்ல உள்ளவன் எல்லாம் கேட் போடறதுக்குள்ள பறக்குறான். நீ என்னடான்னா கேட் போடட்டும்னு ஊர்வலம் போற. மண்ட கிண்ட கழண்டுடுச்சா?"

"உஷ்" என்றார் வேன்காரர். "கணக்கு ஓடுது."

பின்னால் பின்னவன் வாசித்துக்கொண்டிருந்தான். "இருபது மீட்டர் உயரத்துலேர்ந்து ஒரு கல்லு விழுது..." எழுபது வயது ஆள் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பதினாறு பிள்ளைகளும் காத்திருந்தார்கள். "ரெண்டு வினாடி" என்றாள் மகள். ஹாரன் உள்ளே ஒரு பார்வை பார்த்தார். பார்த்தவர் தன் வண்டிக்குத் திரும்பிப் போய், கேட் திறக்கும் வரை ஹாரனை அழுத்தவே இல்லை. அந்த ஊரில் அது நடந்ததை நேரில் பார்த்தவர்கள் குறைவு.

கோழி கூவுவது நாளுக்கு ஐந்தாயிற்று, மூன்றாயிற்று. சில நாள் ஒன்றுமே இல்லை. "போர் அடிக்குது அக்கா, சும்மாவாச்சும் ஒண்ணு தப்பா சொல்லுங்க" என்று இரட்டையர் கெஞ்சினார்கள். காலண்டரில் எழுபத்தெட்டு, எண்பத்தொன்பது, தொண்ணூற்றாறு, நூற்றொன்று என்று ஏறியது. கடைசி மாதிரித் தேர்வில் நூற்றுமூன்று. ஒன்று குறைவு.

தேர்வு நாள் ஞாயிறு. மையம் பள்ளிக்கும் அப்பால். பத்து மணித் தேர்வுக்கு ஏழு மணிக்கே கிளம்பினார்கள். புறவழியில் போனால் முக்கால் மணி நேரம்தான். தெருமுனையில் வேன்காரர் பிரேக்கில் கால் வைத்தார்.

"எப்படிப் போலாம்?"

"நம்ம வழியிலயே போங்கப்பா" என்றாள் பின் சீட்டிலிருந்து.

காலி வண்டி. எஞ்சினில் ஒரு சிலிண்டர் குறைந்தது போல இருந்தது. தொட்டி முக்கு வந்ததும் அவர் கை, அவரைக் கேட்காமலே, வழக்கப்படி இரண்டு தரம் ஹாரனை அழுத்திவிட்டது.

மாடியில் ஜன்னல் படீரென்று திறந்தது. தலை சீவாத வக்கீல். "மாமா! இன்னிக்கு ஞாயித்துக்கிழமை! சட்டப்படி லீவு!"

பிறகு பின் சீட்டில் அக்காவைப் பார்த்தாள். சட்டென்று மறைந்தாள். வேன்காரர் கிளட்சை விடப் போனார், "இருங்க! இருங்க!" என்று கத்தல். மறுபடி வந்தபோது கையில் அட்டை. வெள்ளி மாலை கொடுத்தது.

"பாஸ்பரஸோட அணு எண் என்ன?" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"பதினஞ்சு!"

"சரி! போலாம்!"

அதன் பிறகு வேன்காரர் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வேண்டுமென்றே அழுத்தினார். மாடிவீட்டு இரட்டையர் ஒரே துண்டைப் பாதிப் பாதியாகச் சுற்றிக்கொண்டு, பல் துலக்கிய நுரையோடு கேட்டார்கள். ஒருத்தி வாசலில் நின்று தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த அம்மாவின் பிடியிலிருந்தே கழுத்தைத் திருப்பிக் கேட்டாள். மாவு மில் சந்தில் அட்டையைத் தொலைத்துவிட்ட பிள்ளை மனப்பாடமாகவே கேட்டது. யாரும் அவர்களுக்குச் சொல்லி வைக்கவில்லை. வண்டி வந்தது, அக்கா இருந்தாள், கேட்டார்கள். மருந்துக்கடைப் பொடிசு ஷட்டருக்குப் பக்கத்தில் அப்பாவின் தோள் மேல் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, எழுத்துக் கூட்டி... மகள் அவசரப்படுத்தவில்லை. முழுவதும் வாசித்து முடிக்கும் வரை காத்திருந்து பதில் சொன்னாள்.

அந்த வழி முழுக்க ஒரு கோழிகூடக் கூவவில்லை. பாலத்தில் இருவரும் ஆற்றைப் பார்த்தார்கள்.

தேர்வு மையத்தின் வாசலில் ஆயிரம் பேருக்கு மேல். பெற்றோர்கள் மதிலோரம் மூன்று மணி நேரம் நின்றார்கள். வேன்காரர் வண்டியின் படியில் உட்கார்ந்து, பழைய அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். டிக், டிக், டிக்.

மணி அடித்தது. கூட்டம் பிதுங்கி வெளியே வந்தது. சில பிள்ளைகள் அழுதுகொண்டு வந்தார்கள். மகள் வந்து அவருக்கு நாலடி தள்ளி நின்றாள். வேன்காரர் அட்டைகளைக் கட்டி வைத்துவிட்டு எழுந்தார். பதினாறு, பதினாறு என்று மனது அடித்துக்கொண்டது.

அவள் அவரைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, அந்த ஆயிரம் பேருக்கு நடுவில் சத்தமாகக் கூவினாள்.

ஒன்று.

பக்கத்தில் நின்றவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவளுக்கு அவர்கள் இருப்பதே தெரியவில்லை. இரண்டு. மூன்று. யாரோ, "ஐயோ பாவம், பரீட்சை பயத்துல புத்தி பேதலிச்சுடுச்சு" என்றார். நான்கு. ஐந்து. வேன்காரர் விரலை மடக்கிக்கொண்டே வந்தார். ஆறு. ஏழு. ஒரு கை முடிந்து மறு கையில் மூன்றாவது விரல் மடங்கியது. எட்டு. ஒன்பது.

அவள் நிறுத்திவிட்டு, குனிந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். நிதானமாகக் குடித்தாள். தொண்டை காய்ந்துவிட்டது, மறுபடி ஆரம்பிப்பாள் என்று அவர் மடக்கிய விரல்களோடு நின்றார். மீதமிருந்த ஒரே விரல் மடங்கத் தயாராக நீட்டியபடியே இருந்தது.

அவள் பாட்டிலை மூடினாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ்வளவுதான்பா" என்றாள். "வண்டிய எடுங்க. பிள்ளைங்களுக்குச் சொல்லணும்."